வேலை போனது என்றைக்கு?

போன மாதம் ஃபாத்திமா போன் செய்தாள். எங்கள் சீனியர் சம்பத் சாரிடம் ஜூனியராக இருந்தவள், இப்போது அதே ஆபீஸை நடத்துகிற வக்கீல். நான் அங்கே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். பழைய கேஸ் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்கத்தான் அவள் வழக்கமாகக் கூப்பிடுவாள். அன்றைக்கு வேறு செய்தி.

"அக்கா, புதுச் சட்டம் அமலுக்கு வந்துருச்சு. வேலையை விட்டு எடுத்தா கேஸ் போட மூணு வருஷம் டைம் இருந்துச்சுல்ல? இனிமே ரெண்டுதான்."

"அடப்பாவிங்களா! மூணு வருஷத்துக்கே வந்து சேராத ஜனம் ரெண்டுல எப்படிம்மா வரும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு அது வெறும் நம்பராத் தெரியுது. நீங்க பார்த்ததை எழுதிக் குடுங்களேன்."

எழுதுகிறேன். ஆனால் சட்டம் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சட்டத்தை நான் டைப் அடித்திருக்கிறேனே தவிர படித்ததில்லை.

டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்திருந்தேன். கல்யாணம் ஆகும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று அப்பா சம்பத் சார் ஆபீஸில் சேர்த்துவிட்டார். ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, என் வீட்டுக்காரர் ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்தார். நான் மட்டும் அந்த முன்னறையிலேயே இருந்தேன். கற்றுக்கொண்டதெல்லாம் இரண்டே விஷயம். கட்டை எங்கே வைத்தோம் என்பதை மறக்கக் கூடாது. கட்சிக்காரர் அழுதால் டைப் அடிப்பதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரண்டு மடங்கு அழுவார்கள்.

சம்பத் சார் தொழிலாளர் கேஸ் மட்டும்தான் எடுப்பார், அதுவும் தொழிலாளி பக்கம் மட்டும். நெற்றியில் பளிச்சென்று திருமண், அதற்கு மேல் கலைந்த தலை, கோட்டில் எப்போதும் ஒரு பொத்தான் குறைவு. காலக்கெடு விவகாரத்தில் அவரை மிஞ்ச ஜில்லாவில் ஆளில்லை என்பார்கள். அப்பேர்ப்பட்டவர் தன் வாழ்நாளில் எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்தான் கோர்ட்டுக்கு வருவார். ஆட்டோ பிடித்தால் அகம்பாவம் வந்துவிடுமாம். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றால் நாங்கள் கோர்ட்டில் நிற்போம். அவருடைய சஷ்டியப்த பூர்த்திக்கே அவர் தாமதமாக வந்தார். மாமி தனியாக மணையில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி பேர் கிடையாது, ஊர் கிடையாது. "எப்போ?" என்பார். அவ்வளவுதான். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வந்தவர் இந்த மனுஷன் தூங்கிவிட்டாரோ என்று என்னைப் பார்ப்பார். நான் "சொல்லுங்க, கேக்குறாரு" என்பேன்.

தொழிலாளிகள் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். "சமயபுரத்துல பூச்சொரிதல் முடிஞ்ச மறு வாரம் சார்" என்பார் ஒருவர். "வைகுண்ட ஏகாதசிக்கு முந்தி, கூட்டத்துக்குத் தடுப்புக் கட்டிக்கிட்டு இருந்தாங்க" என்பார் இன்னொருவர். பக்ரீத்துக்கு மறுநாள், மச்சான் கல்யாணத்துக்கு முந்தின வெள்ளி, இப்படி. அதற்காகவே சார் பழைய பஞ்சாங்கங்களை அடுக்கி வைத்திருந்தார். பூச்சொரிதலைத் தேதியாக மாற்றுவது என் வேலை. தேதி கிடைத்தவுடன் கண்ணைத் திறப்பார். கெடுவுக்குள் இருந்தால் "காபி குடுங்கோ இவருக்கு" என்று உள்ளே குரல் கொடுப்பார். கெடு தாண்டியிருந்தால் காபி வராது. அந்த வீட்டுக் காபி வராததை வைத்தே சிலருக்கு நான் முடிவைச் சொல்லியிருக்கிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் இந்த மூன்று வருஷக் கெடு கிடையாது. வேலை போனவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தாமதத்துக்குத் தண்டனையாகக் கோர்ட் நிவாரணத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்தத் தாராளத்தை ஜனங்கள் எப்படி அனுபவித்தார்கள் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். லேத் ஆபரேட்டர். சூப்பர்வைசரோடு சண்டை போட்டு வேலை போனவர்.

"எப்போ?" என்றார் சார்.

"அதாச்சுங்க சார், அப்போ எனக்குக் கடுமையான கோவம். கோவம் ஆறட்டும், அப்புறம் கேஸ் போடலாம்னு இருந்தேன்."

"எப்போ?"

"அப்ப எம் பொண்ணு கைக்குழந்தைங்க. இப்ப அதுக்கே கைக்குழந்தை இருக்கு."

சார் கண்ணைத் திறந்தார். "கோபம் ஆறிடுத்தா?"

"இல்ல சார். அதான் கெளம்பி வந்துட்டேன்."

அவருக்குக் காபி கொடுத்தோம். கோர்ட்டும் இடைப்பட்ட வருஷங்களுக்குச் சம்பளம் கிடையாது என்று சொல்லி வேலையைக் கொடுத்தது. அவர் திரும்பப் போன முதல் வாரமே மறுபடி யாரோடோ சண்டை போட்டார் என்று கேள்வி. அது வேறு கேஸ்.

பிறகு கெடு வந்தது. முதலில் தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். நாற்பத்தைந்து நாளில் சமரசம் ஆகவில்லை என்றால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். ஆனால் வேலை போன நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் கோர்ட்டுக்கு வந்துவிட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? வையம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெரியசாமி என்ற மில் தொழிலாளிக்கு அது எளிதாக இல்லை. மனிதர் ஒரு நாள்கூடச் சும்மா இருந்தவரில்லை. திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தார். எம்.எல்.ஏ.வைப் பார்த்தார், கட்சி ஆபீஸைப் பார்த்தார், மந்திரி வந்த காருக்கு முன்னால் நின்றார். கடைசியாக எங்களிடம் வந்தார். மூன்று வருஷம் முடிந்து மூன்றாவது மாதம்.

"எல்லா எடத்துலயும் குடுத்துட்டேன் சார். ரெங்கநாதர் உண்டியல்ல கூட எழுதிப் போட்டேன்."

"எங்கே குடுக்கணுமோ அங்கே மட்டும் குடுக்கலை," என்றார் சார். அப்புறம் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினார். "பெருமாள் சயனத்துல இருக்கார் ஓய். அவர்கிட்ட அவசர மனு போட்டா எப்படி?"

பெரியசாமி சிரித்தார். சிரித்தபடியே இருந்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சார் எழுந்து உள்ளே போய்த் தானே காபி எடுத்துவந்து கொடுத்தார். கெடு தாண்டியவருக்கு அந்த வீட்டில் காபி வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கேஸ் போட்டுப் பார்த்தோம். தள்ளுபடி.

அதற்குப் பிறகு வந்தவர்தான் சவரிமுத்து. அவர் கேஸ்தான் நான் பார்த்ததிலேயே கஷ்டமான கேஸ், சிரிப்பான கேஸும் அதுதான்.

லால்குடிப் பக்கத்துக்காரர். துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். பட்டறை என்று சொன்னாலும் பெரிய இடம். பெரிய பெரிய டேங்க் செய்து லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். அங்கே ஒரு நாள் டேங்குக்குள் இறங்கி வெல்டிங் செய்த ஒருவர் புகையில் மயங்கி விழுந்துவிட்டார். இழுத்துப் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். மறுநாள் அதே டேங்கில் இறங்கச் சொன்னபோது சவரிமுத்து, "வெளியில ஒரு ஆள் நிக்கணும், காத்துக்கு ஃபேன் வைக்கணும், அப்பத்தான் எறங்குவேன்" என்றார்.

முதலாளி கதிரேசன் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆளே இல்லை. வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு, தொழிலாளியை "வாங்க, போங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர். சவரிமுத்துவின் தோளில் கை போட்டு, "நீங்க சொல்றது நியாயம்தாங்க. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. எல்லாம் செட் பண்ணிட்டு நானே சொல்லி அனுப்புறேன்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

சவரிமுத்து காத்திருந்தார். வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துத் துவாக்குடி வந்து கேட்டில் நிற்பார். கேட்டில் டீ வாங்கிக் கொடுப்பார்கள். "ஐயா மீட்டிங்ல இருக்காரு, உங்களை மறக்கல, சொல்லி அனுப்புவாரு" என்பார்கள். தீபாவளிக்கு வீடு தேடி ஸ்வீட் பாக்ஸ் வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும். கதிரேசன் புது வீடு கட்டியபோது கிரகப்பிரவேசப் பத்திரிகையே வந்தது. சவரிமுத்து மனைவியோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். முதலாளி பந்தியில் நின்று, "நல்லாச் சாப்பிடுங்க" என்றாராம்.

அடித்து விரட்டியிருந்தால் அந்த மனிதர் மறுநாளே எங்களிடம் வந்திருப்பார். ஸ்வீட் கொடுத்தே மூன்று வருஷத்தைக் கடத்திவிட்டார்கள். நான்காவது தீபாவளியும் போனது.

வந்து உட்கார்ந்தார். வெல்டிங் கண்ணாடி மாட்டி மாட்டி மூக்கில் தழும்பு. சார், "எப்போ?" என்றார். சவரிமுத்து டேங்க் கதையைச் சொன்னார். நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். தேதியைச் சொன்னதும் சார் கண்ணைத் திறக்காமலேயே தலையை ஆட்டினார்.

"போச்சு. ஏன்யா இத்தனை நாள் வரலை?"

"வேலைதான் இருக்கே சார். எதுக்கு வரணும்?"

"வேலை இருக்கா? இப்போ ஏன் வந்தேள் பின்னே?"

சவரிமுத்து என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "எம் பொண்ணுக்கு ஒரு எடம் பேசிக்கிட்டு இருந்தோம் சார். மாப்பிள்ளையோட சித்தப்பா நம்ம கம்பெனிக்குப் போய் விசாரிச்சிருக்காரு. ஆபீஸ்ல, அப்படி ஒரு ஆளே இங்க கெடையாது, எப்பவோ போயாச்சுன்னு சொல்லிட்டாங்களாம். பொய் சொல்லிப் பொண்ணு குடுக்கப் பாக்குறீங்களான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. அடுத்த நாள் நான் கேட்டுக்குப் போனேன். உள்ள விடல. டீயும் குடுக்கல."

சார் கண்ணைத் திறந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது எப்போ?"

"போன மாசம் சார்."

"காபி!" என்று உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டார். மாமி பயந்துபோய் வெளியே வந்துவிட்டார்.

சமரச அதிகாரி முன்னால் கதிரேசன் தரப்பு வந்து, "அவரா விட்டுட்டுப் போனாருங்க" என்றது. சமரசம் ஆகவில்லை. கோர்ட்டுக்குப் போனோம். பதில் மனுவில் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு கையிலும் கத்தி பிடித்திருந்தார். ஒன்று, நாங்கள் இவரை நீக்கவே இல்லை, இவரே வேலையைக் கைவிட்டார். இரண்டு, அப்படியே நீக்கியிருந்தாலும் மூன்று வருஷம் தாண்டிவிட்டது, மனு செல்லாது. வக்கீல்கள் இப்படி எழுதுவது சகஜம்தான். பானை உடையவில்லை, உடைந்திருந்தாலும் நான் உடைக்கவில்லை என்கிற மாதிரி.

எங்கள் மனுவை டைப் அடித்த கையோடு கேஸ் முடிந்துவிட்டதாக இளைஞர்கள் நினைக்கக் கூடாது. தொழிலாளிக்குக் கெடு வைத்த சட்டம் கோர்ட்டுக்குக் கெடு வைக்க மறந்துவிட்டது. நீதிபதி மாற்றலாகிப் போனார். புது நீதிபதி வரும்வரை நாற்காலி காலியாக இருந்தது. நாங்கள் போய் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு அடுத்த வாய்தாவைக் குறித்துக்கொண்டு வருவோம். சவரிமுத்து லால்குடியிலிருந்து ஒவ்வொரு முறையும் ரயிலில் வந்து போனார். வயல் வேலைக்குப் போவதாகச் சொன்னார். கை விரல்களில் சேறு காய்ந்திருக்கும். ஒருமுறை என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, நான் ஏமாளியா, இல்ல அவரு உண்மையிலேயே நல்லவரா? எனக்கு இன்னும் புரியல." "ரெண்டும் இருக்கும்" என்றேன்.

கடைசியில் ஒரு பெண் நீதிபதி வந்தார். முகத்தில் ஒன்றும் காட்டாதவர். கதிரேசனைக் குறுக்கு விசாரணை செய்யும் நாள். கதிரேசன் வந்தாயிற்று, அவர் வக்கீல் வந்தாயிற்று, சவரிமுத்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்தாயிற்று. சார் வரவில்லை. ஃபாத்திமா வராந்தாவில் நின்று போன் போட்டபடி இருந்தாள். இரண்டு முறை எங்கள் கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்றாவது முறை கூப்பிடும்போது சார் வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தார்.

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். "சார், தாமதமா கேஸ் போட்டது தப்பில்லைன்னு வாதாடத்தானே வந்திருக்கீங்க?"

"ஆமாம் மேடம்."

"அதுக்கு இப்படி டெமோ காட்ட வேண்டாம்."

கோர்ட்டே சிரித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சார் மட்டும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் போனார். கதிரேசனைப் பார்த்து, கல்யாண வீட்டில் சம்பந்தியை விசாரிப்பது மாதிரி ஆரம்பித்தார்.

"சௌக்கியமா இருக்கேளா? சவரிமுத்து உங்களைப் பத்தி ரொம்ப உசத்தியா சொல்றார்."

கதிரேசன் முகம் மலர்ந்தது. "எனக்கு அவர் தம்பி மாதிரி சார்."

"கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டேளாமே?"

"கூப்பிடாம இருப்பேனா?"

"தீபாவளிக்கு வருஷா வருஷம் ஸ்வீட் அனுப்பினேளா?"

"ஒரு வருஷம்கூட விட்டதில்ல சார்."

"பெரிய மனசு. ஊர்ல எல்லாருக்கும் அனுப்புவேளோ?"

"ஊருக்கெல்லாம் எப்படி சார் முடியும்? எங்க ஸ்டாஃபுக்கு மட்டும்தான்."

எதிர்த்தரப்பு வக்கீல் இருமினார். கதிரேசன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தன்னை இவ்வளவு பேருக்கு முன்னால் ஒருவர் பாராட்டும்போது யார் திரும்புவார்கள்?

"இவ்வளவு பிரியமா இருந்த மனுஷனை வேலையை விட்டு எடுத்துட்டேள்னு சொல்றாளே, வாஸ்தவமா?"

"சத்தியமா இல்ல சார். நான் யாரையும் அப்படி அனுப்பினதே கெடையாது. இவரை நான் நிறுத்தவே இல்ல."

"அன்னிக்கும் நிறுத்தலை?"

"இல்ல சார்."

"அடுத்த வருஷம்?"

"இல்ல சார். எந்த வருஷமும் இல்ல."

"வேலைக்கு ஏன் வரலைன்னு கேட்டு ஒரு நோட்டீஸ்?"

"நோட்டீஸ் அனுப்புற அளவுக்கு அவர் என்ன சார் தப்புப் பண்ணிட்டாரு?"

சார் நீதிபதி பக்கம் திரும்பினார். குரல் மாறவில்லை. "மேடம், வேலை போன நாள்லேர்ந்து மூணு வருஷம்னு சட்டம் சொல்றது. வேலை போகவே இல்லைன்னு இவர் சத்தியம் பண்றார். அந்த மூணு வருஷத்தை நான் எந்த நாள்லேர்ந்து எண்ணறதுன்னு இவரே சொல்லட்டும்."

கதிரேசன் அப்போதுதான் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். வக்கீல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் காட்டாத நீதிபதி பேனாவை எடுத்து, சாட்சி சொன்னதைச் சொன்னபடியே டைப்பிஸ்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார். "நான் மனுதாரரை எந்த வருஷமும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை." அந்த டைப்பிஸ்டின் விரல் தட்டிய சத்தம் எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

பக்கத்தில் சவரிமுத்து குனிந்து உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்துப் பார்த்தால், கண் கலங்கியிருந்தது. "தம்பி மாதிரின்னு சொன்னாரும்மா," என்றார். "இவ்வளவு நேரம் அங்க நிக்கிறாரு, ஒருவாட்டி என்னைய நிமிந்து பாக்கலையே." அவருடைய பழைய கேள்விக்கு அவருக்கே பதில் கிடைத்துவிட்டது.

தீர்ப்பு வந்தது. பெண் வீட்டாரைப் பற்றி விசாரிக்கப் போனவரிடம் அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொன்னதும், மறுநாள் கேட்டில் மறித்ததும்தான் வேலை மறுப்பு. கெடு அங்கிருந்துதான் ஓடும். மனு காலத்துக்குள் வந்திருக்கிறது. பணித்தொடர்ச்சியுடன் மீண்டும் வேலை. கதிரேசன் மதுரை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போவதாகக் கொஞ்ச நாள் பேச்சு அடிபட்டது. போகவில்லை. போனால் அவர் வாயால் சொன்னதுதான் அங்கேயும் எதிரே வந்து நிற்கும் என்று அவர் வக்கீலே தடுத்துவிட்டாராம்.

தீர்ப்பு நகலை வாங்கியதும் எனக்குத் தபாலில் போட மனம் வரவில்லை. சாரிடம் சொல்லிக்கொண்டு லால்குடிக்கு ரயில் ஏறினேன். வீடு தெருக்கோடியில். சவரிமுத்து கொல்லைப்புறத்தில் குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஆரோக்கியமேரியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒல்லியான, கண்ணில் குறும்புள்ள பெண்மணி. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஜெயிச்சாச்சுன்னு அவரு சொன்னாருங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்களேன்."

படித்தேன். கோர்ட் தமிழ் அவருக்கு அலுப்பாக இருந்திருக்க வேண்டும். கேட்டபடியே முறுக்கு எடுத்து வைத்தார். "பணித்தொடர்ச்சியுடன்" என்று நான் படித்ததும் கை நின்றது.

"அப்படின்னா?"

"இத்தனை வருஷமும் அவர் அந்தக் கம்பெனி வேலையிலதான் இருந்தாருன்னு அர்த்தம். நடுவுல விட்டுப்போகவே இல்லைன்னு."

"கோர்ட்டே சொல்லுதா?"

"கோர்ட்டே சொல்லுது."

ஆரோக்கியமேரி எழுந்துபோய்த் தெருக்கதவை அகலத் திறந்து வைத்தார். ஜன்னலையும் திறந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "அந்த எடத்தை இன்னொரு தடவை படிங்க. கொஞ்சம் சத்தமா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சத்தமாகப் படித்தேன். பிறகுதான் சொன்னார். இத்தனை வருஷமும் தெருவில் யார் கேட்டாலும், எங்க வீட்டுக்காரர் லீவில் இருக்கிறார் என்றே சொல்லி வந்தாராம். சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதெல்லாம் அந்தப் பொய்யைத் தவறாமல் சொல்லி மன்னிப்பும் கேட்டு வந்தாராம். பொண்ணு சம்பந்தம் நின்றுபோன பிறகு தெரு முழுக்க முதுகுக்குப் பின்னால் சிரித்ததாம்.

"அது பொய்யே இல்லையாமே! சாமியார்கிட்ட வேற வீணா மன்னிப்புக் கேட்டிருக்கேன் பாருங்க."

மூன்றாவது முறை நான் படித்தபோது எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார். ஆரோக்கியமேரி விஷயத்தை விளக்கினார். அந்த அம்மாள் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் கோர்ட் முத்திரையைக் காட்டினேன்.

"அது சரி," என்றார் அந்த அம்மாள். "இத்தனை வருஷமாவா ஒரு மனுசனுக்கு லீவு குடுப்பாங்க?"

ஆரோக்கியமேரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவருக்கு நெறைய லீவு மிச்சம் இருந்துச்சுங்க" என்றார்.

கொல்லைப்புறத்தில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. சவரிமுத்து சிரிக்கிற சத்தம் கேட்டது. கேஸ் நடந்த அத்தனை வருஷத்தில் அந்த மனிதர் சிரித்து நான் கேட்டதே இல்லை.